காப்பிக் கிடங்கின் பின்சுவர்

அப்படியொரு பையை ஜெயகுமாரி அதுவரை யாருக்கும் தைத்துக் கொடுத்ததில்லை.

சொம்பு அளவில் ஒரு பை. முரட்டுக் கித்தான் துணி. வாய் திறந்தே நிற்பதற்கு விளிம்புக்குள் ஒரு கம்பி வளையம், வேண்டும்போது இழுத்து மூட ஒரு நாடா. இடுப்பைச் சுற்றிக் கட்டப் பட்டியும் வேண்டும். ஆனால் பை முன்னால் தொங்கக் கூடாதாம். பின்பக்கம், இரண்டு கைகளுக்கும் எட்டுகிற இடத்தில் தொங்க வேண்டுமாம். உர்சுலா தன் இடுப்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

“இதுல என்னத்தங்க போடுவீங்க?” என்று ஜெயகுமாரி கேட்டாள்.

“பொடி.”

“என்ன பொடிங்க?”

“வெள்ளைப் பொடி. எங்க ஊருல இருந்து கொண்டாந்தது. கைக்கு.” உர்சுலா உள்ளங்கைகளைத் தேய்த்துக் காட்டிச் சிரித்தாள்.

ஜெயகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரர்கள் வெள்ளைப் பொடி வைத்திருந்தால் அது என்னவாக இருக்கும் என்று அந்த வருடங்களில் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கோவாவில் பிடித்தார்கள், கோவளத்தில் பிடித்தார்கள் என்று வாரத்துக்கு ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. பையைத் தைத்துக் கொடுத்தாள். ஆனால் அன்றிலிருந்து தன் வீட்டு மாடிப்படியில் ஏறுகிற காலடிச் சத்தத்தை நின்று கேட்கத் தொடங்கினாள்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் அவளுக்குத் தையல்கடை. பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் முக்கால்வாசி வேலை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கு மேலே ஓடு போட்ட ஒற்றை அறை. அந்த அறையில் முந்தைய ஆவணியிலிருந்து உர்சுலா குடியிருந்தாள். ஆஸ்திரியா நாட்டுக்காரி, முப்பதை எட்டாத வயது. கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் இளம்பிள்ளைவாதம் வந்த குழந்தைகளின் கால்களை நீவி, மடக்கி, நடக்கப் பழக்குவது அவள் வேலை. தமிழை அந்தக் குழந்தைகளிடமே கற்றுக்கொண்டதால் ‘நொம்ப’, ‘ஊடு’ என்றுதான் பேசுவாள். அவளை அழைத்துவந்து அறை கேட்டது விடுதிச் சமையல்காரி மரியபுஷ்பம். “தங்கமான புள்ளைங்க்கா. ஒரு வருசந்தான். ஒரு தொந்தரவும் இருக்காது” என்று சொல்லியிருந்தாள்.

தொந்தரவு இருக்கவில்லைதான். ஆனால் 1987 தை பிறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியமானால் உர்சுலா முதுகுப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு கிளியூர்ப் பக்கம் தனியாகப் போனாள். பொழுது சாயும்போது திரும்பி வந்தாள். விரல் நுனிகள் தோலுரிந்து சிவந்திருந்தன. முழங்கையில் சிராய்ப்பு. பேண்டில் செம்மண். கை ரேகை இடுக்கில் அந்த வெள்ளைப் பொடி.

“எங்கீங்க போயிட்டு வாரீங்க?” என்று ஒருநாள் ஜெயகுமாரி கேட்டாள்.

“சொவரு” என்றாள் உர்சுலா. “நல்ல சொவரு கெடைச்சுது.”

சுவரில் என்ன நல்லது கெட்டது இருக்கிறது? ஒண்டிக்கடையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மலையில் என்ன தாது கிடைக்கும் என்று பார்த்துப் போக அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு வருடத்தில் கிளியூர்க்காரர்கள் நிலத்தை விட்டு எழுந்திரிக்க வேண்டியதுதான் என்றார் டீக்கடைக்காரர். அந்தக் காலத்து துரைமார் புதைத்து வைத்ததைத் தேடுகிறாள் என்றது பஸ் ஸ்டாண்டு. ஜெயகுமாரியின் கணவன் சேகர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மஞ்சக்குட்டை லைனில் ஜீப் ஓட்டினான். ஆட்களை ஏற்றுவான், ஆள் இல்லாத நேரத்தில் சுமை ஏற்றுவான். “அவ எங்க போனா நமக்கென்ன? வாடகை ஒழுங்கா வருதா இல்லியா?” என்பதோடு முடித்துக்கொண்டான். சாதாரணமாக ஊர்ப்பேச்சை விரும்பிக் கேட்கிறவன். இந்தப் பேச்சு மட்டும் அவனுக்குப் பிடிக்காததை ஜெயகுமாரி கவனித்தாள். பெண்பிள்ளையைப் பற்றிக் கண்டபடி பேசுவது பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் ரைட்டர் மாரிசாமி கடைக்கு வந்தார். கிளியூர்ச் சாலையிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு பெரிய எஸ்டேட்டில் கணக்கு வழக்குப் பார்க்கிற ரைட்டர் அவர். முதலாளிகளான அண்ணன் தம்பிகள் மெட்ராஸில் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்ததால் எஸ்டேட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, மென்மையான பேச்சு. சேகருக்கு ஜீப் ஸ்டாண்டில் இடம் கிடைத்ததே அவர் ஒரு வார்த்தை சொன்னதால்தான். அதனால் அவர் வந்தால் ஜெயகுமாரி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பாள்.

“உக்காரு கண்ணு. ஒரு விசயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார் மாரிசாமி. “உங்க ஊட்டு மாடியில இருக்கற வெள்ளக்காரப் பொண்ணு எங்க பழைய காப்பிக் குடோன் பக்கம் சுத்துதாம். பூட்டிக் கெடக்கற எடம். அங்க என்ன சோலி அதுக்கு?”

“எனக்குத் தெரியலீங்க. சொவரு சொவருன்னு என்னமோ சொல்லுதுங்க.”

“சொவரா?” அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். “நீ ஒரு தடவ பின்னால போய்ப் பாரு. பொம்பளைக்குப் பொம்பள தப்பில்ல. பாத்துட்டு எங்கிட்ட மட்டும் சொல்லு.”

அவர் சொல்லாவிட்டாலும் ஜெயகுமாரி போயிருப்பாள். அடுத்த ஞாயிறு, உர்சுலா தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, குடையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். சாலையை விட்டு எஸ்டேட் பாதையில் இறங்கியதும் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் அவளை மறைத்துக்கொண்டன. பழம் பறித்து முடித்த காப்பிச் செடிகள் ஓய்ந்து நின்றன. எங்கும் ஆள் இல்லை.

குடோன் சரிவில் கட்டப்பட்டது. முன்பக்கம் பார்த்தால் சாதாரண உயரம். பின்பக்கம் தரை இறங்கிவிடுவதால் சுவர் இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்து நின்றது. கொத்தி அடுக்கிய கருங்கல். சாந்து உதிர்ந்து கல்லுக்குக் கல் விரல் நுழைகிற இடுக்கு. உச்சியில், ஓட்டுக்குக் கொஞ்சம் கீழே, கம்பி போட்ட சின்னக் காற்றுத்துளை.

உர்சுலா அந்தச் சுவரின் பாதி உயரத்தில் இருந்தாள்.

கயிறு இல்லை, ஏணி இல்லை. காலில் மட்டும் ரப்பர் அடி வைத்த இறுக்கமான ஷூ. பல்லி ஒட்டினாற்போல ஒட்டிக்கொண்டு, ஒரு கையை விட்டு, அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பைக்குள் விட்டு, பொடியைத் தொட்டு எடுத்து, மேலே ஒரு கல்லை எட்டிப் பிடித்தாள். அவசரமே இல்லை. ஒரு காலை வைத்துப் பார்த்து, பிடிக்காமல் எடுத்து, வேறு இடத்தில் வைத்தாள். ஜெயகுமாரி தான் வேவு பார்க்க வந்ததை மறந்து, அவள் விழுந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் உர்சுலா உச்சிக்குப் போனாள். காற்றுத்துளையின் கம்பியைப் பிடித்து, முகத்தை அதற்கு நேரே கொண்டுபோனாள். கையை உள்ளே விட்டாள்.

அப்போதுதான் ஜெயகுமாரிக்குத் திக்கென்றது. திருடவா இத்தனை பாடு? சத்தம் போடாமல் திரும்பி, ஏறக்குறைய ஓடி, ஊர் வந்து சேர்ந்தாள். அன்று இரவு உர்சுலாவுக்கு இட்லி கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் காலையில் மாரிசாமியிடம் கண்டதைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தார், தலையை ஆட்டினார். காற்றுத்துளை என்றதும் ஆட்டுவதை நிறுத்தினார்.

“உள்ள பாத்தாளா?”

“முகத்தக் கிட்டக் கொண்டு போனாளுங்க. கையும் உள்ள விட்டாளுங்க.”

“எவ்வளவு நேரம் பாத்தா? உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லலீங்க.”

மாரிசாமி வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குளிர் விடாத காலை அது. “ஸ்டேசன்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுத்துருவோம், கண்ணு. வெளிநாட்டுக்காரி, பூட்டுன குடோன்ல களவாடப் பாத்தான்னு. நீ கண்ணால பாத்தவ. சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும். வர்ற திங்கக்கெழம கூட்டிட்டுப் போறேன். அப்புறம் அந்தப் பொண்ண அவங்க நாட்டுக்கு அனுப்பிருவாங்க. உனக்கும் தலைவலி இல்ல.”

அவர் போன பிறகு ஜெயகுமாரி மிஷினில் உட்கார்ந்தாள். கால் மிதிக்கவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது. குடோனில் திருடு போயிருக்குமோ என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை. என்ன எடுத்தாள் என்றும் கேட்கவில்லை. என்ன பார்த்தாள் என்றுதான் கேட்டார். காலியாகப் பூட்டிக் கிடக்கிற குடோனில் பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு உர்சுலா சாப்பிட வந்தபோது நேராகவே கேட்டாள்.

“அந்தக் குடோன் சொவத்துல எதுக்குங்க ஏறுறீங்க?”

உர்சுலா நிமிர்ந்து பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. “எங்க ஊருல மலை இருக்குது. சின்னப் புள்ளையில இருந்து ஏறுவேன். அப்பா, அண்ணன், எல்லாரும். இங்க வந்து அஞ்சு மாசம் ஒடம்பு ஒடம்பாவே இல்ல. துருப் புடிச்ச மாதிரி. ஒருநாள் நடந்து போனேன், அந்தச் சொவரு. பாத்த ஒடனே அழுதுட்டேன்.” தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். “ஏறி மேல அந்த ஓட்டையத் தொட்டா முடிஞ்சுது. எறங்கிருவேன். நாளைக்கு வாரீங்களா? காட்டறேன்.”

மறுநாள் விடுதிக்கு அரைநாள் விடுமுறை. இருவரும் சேர்ந்து போனார்கள். உர்சுலா ஏறிக் காட்டினாள். ஜெயகுமாரியின் கையில் பொடியைத் தடவி, அடியில் இருந்த ஒரு கல் இடுக்கில் விரலை வைக்கச் சொன்னாள். ஜெயகுமாரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையிலிருந்து இரண்டடி எழும்பினாள். கல் குளிர்ந்திருந்தது. ஒரு கணம் தன் உடம்பின் கனம் முழுவதும் விரல் நுனியில் இருப்பதை உணர்ந்து பயந்து குதித்துவிட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் உர்சுலா சொன்னாள்: “மேல அந்த ஓட்டைக்கிட்டப் போனா நொம்ப நல்ல வாசம். உங்க சோப்பு மாதிரி.”

“என்ன சோப்புங்க?”

“நீங்க வெள்ளிக்கெழம போடுவீங்களே. மஞ்சளா இருக்குமே.”

ஜெயகுமாரி வெள்ளிக்கிழமை போடுவது சந்தனச் சோப்பு.

உர்சுலா தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஜெயகுமாரி குடோனைச் சுற்றி முன்பக்கம் ஏறினாள். பெரிய மரக்கதவு, புதுப்பூட்டு. கதவுக்கடியில் குனிந்து மோந்தாள். முதலில் பழைய காப்பித் தோலின் புளித்த வாடை. அதற்குப் பின்னால் மெல்ல, இனிப்பாக, கோயில் கருவறைக்கு முன்னால் நிற்பதுபோல அந்த வாசம். சேர்வராயன் மலையில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டாம். காட்டில் ஒரு சந்தன மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டினால் எத்தனை வருடம் உள்ளே போக வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

எழுந்திருக்கும்போது, தாழ்ப்பாளின் இரும்பு முனையில் ஒரு துணிக்கிழிசல் மாட்டியிருப்பதைப் பார்த்தாள். காக்கிப் படுதாவின் மூலை. இரட்டைத் தையல். காக்கி நூல் தீர்ந்துபோய்ப் பாதியில் சிவப்பு நூல் போட்டிருந்தது. போன மழைக்காலத்தில் சேகரின் ஜீப்புக்குப் படுதா தைத்தபோது, நூல் வாங்கிவரச் சோம்பி, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிவப்பைப் போட்டவள் அவள்தான்.

கிழிசலை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பியபோது உர்சுலா பின்னால் நின்றிருந்தாள்.

மறுநாள் மதியம் சேகர் சாப்பிட வந்தான். சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கிழிசலை வைத்தாள்.

“இது ஏதுங்க அந்தக் குடோனுக்கு?”

சேகர் பிசைந்துகொண்டிருந்த கையை எடுக்கவில்லை. “மாரிசாமி ஐயாவுக்கு மெளகு மூட்டை ஏத்துனேன். அதுக்கென்ன?”

“மெளகா?”

“மெளகுன்னுதான் சொன்னாரு.”

“மோந்து பாக்கலியா நீங்க?”

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துத் திரும்பியது. சேகர் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “மோந்தேன்.”

ஜெயகுமாரி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். போன மாதம் ஜீப்பைக் கழுவும்போது வந்த வாசம் நினைவுக்கு வந்தது. ஏதோ கல்யாணக் கூட்டத்தை ஏற்றியதாகச் சொன்னான். அவளும் பொண்ணு மாப்பிள்ளை யாரு என்று கேட்டாள். அவன் ஒரு பெயர்கூடச் சொன்னான்.

“மொதத்தடவ தெரியாது, ஜெயா” என்றான் அவன். “ரெண்டாந்தடவ தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறம் மாட்டேன்னா என்ன சொல்லுவாரு? மொதத்தடவ ஏத்துனவன் நீதானேம்பாரு. ஸ்டாண்டுல நிக்க விடமாட்டாரு.”

“என்னய அந்தப் புள்ளைக்கு எதிரா சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்றாருங்க. திருடின்னு.”

“தெரியும். போட்டுரு.” இப்போதுதான் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “அவ ஊருக்குப் போயிருவா. குடோனக் காலி பண்ணிருவாங்க. அதோட முடிஞ்சுது.”

தெரியும் என்றானே. அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் விழுந்து கிடந்தது. தன்னைச் சாட்சி போடச் சொன்னதை அந்த நிமிடம்வரை அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. மாரிசாமிதான் சொல்லியிருக்க வேண்டும். இருவரும் தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். தன்னைக் கொண்டு இந்த வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

அன்று பிற்பகல் முழுக்கப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். மகள் சேலத்தில் அத்தை வீட்டில் தங்கி பத்தாவது படிக்கிறாள். கணவன் ஜெயிலுக்குப் போனால் அவள் படிப்பு என்ன ஆகும்? உர்சுலா யார்? எப்படியும் சில மாதங்களில் போகப் போகிறவள். நினைத்துக்கொண்டே ஒரு சட்டைக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்தாள். பிரிக்கும்போது புத்தி வேறு பக்கம் திரும்பியது. சேகர் முதல் சுமையைத் தெரியாமல் ஏற்றினான், அதை வைத்தே மாரிசாமி இரண்டாவது சுமையை ஏற்ற வைத்தார். தான் இந்தக் கையெழுத்தைப் போட்டால், அதை வைத்து என்ன செய்யச் சொல்வார்? பொய்ச் சாட்சி சொன்னவள் என்ற பிடி அவர் கையில் இருக்கும். நாளைக்கே இந்தக் கடையில் துணிக் கட்டுக்கு அடியில் எதையாவது கொண்டுவந்து வைத்தால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

மாலையில் சேகர் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்ததும் சொன்னாள்: “காலையில ரேஞ்சர் ஆபீசுக்குப் போறோம். நீங்களே சொல்லிருங்க.”

“பைத்தியமா உனக்கு? என்னய உள்ள வெச்சுருவாங்க.”

“நீங்க சொன்னா கொஞ்ச நாளு. அவங்களா கண்டுபுடிச்சா நொம்ப நாளு. நீங்க வரலீன்னா நான் தனியாப் போறேன். என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது.”

சேகர் கத்தினான். பிறகு கெஞ்சினான். மாரிசாமி தன்னை உயிரோடு விடமாட்டார் என்றான். அவள் பிரித்த சட்டையை மறுபடி தைத்து முடித்தாள். அவள் உறங்கவில்லை. அவன் எழுந்து மாரிசாமி வீட்டுக்குப் போய்விடுவானோ என்ற பயம். கதவுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்தாள்.

காலையில் அவனே ஜீப்பை எடுத்தான். அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். வனத்துறை அலுவலகம் வரும்வரை, அடுத்த வளைவில் அவன் வேறு பக்கம் திருப்பிவிடுவானோ என்று ஸ்டியரிங் மேல் இருந்த அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் திருப்பவில்லை. ரேஞ்சர் முன்னால் நின்று முதலிலிருந்து சொன்னான்.

அன்று மத்தியானமே குடோனைத் திறந்தார்கள். காப்பித் தோல் குவியலுக்கு அடியில் வரிசையாகச் சந்தனக் கட்டைகள். மாரிசாமி அதற்குள் மலையை விட்டு இறங்கியிருந்தார். சில நாள் கழித்து தருமபுரிப் பக்கம் உறவுக்காரர் வீட்டில் பிடிபட்டார். எல்லாம் ஜீப்காரன் ஏற்பாடு, தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னாராம். சேகரைச் சேலம் ஜெயிலில் வைத்தார்கள். தானாக வந்து சொன்னவன் என்பதால் ஜாமீன் சீக்கிரம் கிடைத்தது. வழக்கு முடிகிறவரை ஜீப் மட்டும் வனத்துறை வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றது.

ஒண்டிக்கடையில் பேச்சு மாறியது. வெள்ளைக்காரியை யாரும் இப்போது பேசவில்லை. புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஜெயகுமாரியைப் பேசினார்கள். வெள்ளைக்காரி இவளுக்கு ஏதோ கொடுத்திருக்கிறாள் என்றார்கள். இல்லை, பங்கு சரியாக வராத கோபத்தில் செய்தாள் என்றும் சொன்னார்கள். வழக்கமாக வருகிற சிலர் துணியை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். அவள் கடையைத் தாண்டும்போது சத்தம் தணிந்து, தாண்டிய பிறகு உயர்கிற பேச்சு அவளுக்குப் பழகிப்போனது.

மாரிசாமியின் ஆட்கள் ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயந்து, கன்னியாஸ்திரீகள் உர்சுலாவை விடுதிக்குள்ளேயே வந்து தங்கச் சொன்னார்கள். பெட்டி எடுக்க மரியபுஷ்பத்தை அழைத்துக்கொண்டு வந்தாள். மரியபுஷ்பம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனதும், உர்சுலா மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு சொல்லணும்” என்றாள். “அந்த வாசம் சந்தனம்னு எனக்கு மொதல்லயே தெரியும்.”

துணி துவைத்துக்கொண்டிருந்த ஜெயகுமாரி கையைத் துடைத்தாள்.

“எப்படித் தெரியும்?”

“விடுதியில புள்ளைங்க சொன்னாங்க. மரத்தப் பத்தி, வெட்டுனா ஜெயிலுன்னு. ஒருநாள் சொவத்து மேல அந்த ஓட்டை வழியாப் பாத்தேன். முன்கதவு தெறந்திருந்துச்சு. ஜீப்பு நின்னுச்சு. உங்க ஊட்டு ஜீப்பு.”

“அப்புறம் ஏன் சோப்பு அது இதுன்னு எங்கிட்டச் சொன்னீங்க?”

“உங்க மொகத்தப் பாக்கறதுக்கு.” உர்சுலா மறைக்கவில்லை. “உங்களுக்கும் தெரியுமோன்னு நெனச்சேன். நான் வேற நாட்டுல இருக்கறேன். உங்க ஊட்டுல தூங்கறேன், உங்க சோறு திங்கறேன். யாருகிட்டப் போய் சொல்றது? சொன்னா அது உங்ககிட்டயே வந்து சேருமோன்னு பயம். கதவுக்கு நாற்காலிய முட்டுக் குடுத்துட்டுத்தான் படுப்பேன்.”

ஜெயகுமாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தினமும் தன் கையால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே தன்னைத் திருடியாக நினைத்திருக்கிறாள். வாயைத் திறந்தாள். ஆனால் தான் அவளை என்னவாக நினைத்தோம் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

“அந்தக் குடோன்ல நீங்க களவாடப் போறீங்கன்னு ரைட்டருகிட்டச் சொன்னதே நான்தாங்க” என்றாள்.

“தெரியும்.”

“எப்படி?”

“நீங்க ஒரு நாள் இட்லி வெச்சீங்க. என்னயப் பாக்கவே இல்ல.”

மரியபுஷ்பம் கீழேயிருந்து, “உசிலாம்மா, வாரீங்களா?” என்று கூப்பிட்டாள். உர்சுலா எழுந்து, ஜெயகுமாரியின் ஈரமான கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள். அந்தப் பிடி பலமாக இருந்தது. விரல் நுனிகள் கல்போலக் காய்ப்பேறியிருந்தன.

குடோனுக்கு அரசாங்கம் சீல் வைத்துவிட்டதால் அந்தப் பக்கம் யாரும் போக முடியாமல் போனது. உர்சுலா வேறு சுவர் தேடியதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியைச் சுற்றிச் சும்மா நடந்துகொண்டிருந்தாள் என்று மரியபுஷ்பம் சொன்னாள். ஆடி பிறந்ததும் ஊருக்குப் போய்விட்டாள். புறப்படுகிற அன்று கடைப் பக்கம் வந்தாளாம். ஜெயகுமாரி கோர்ட்டு வேலையாகச் சேலத்தில் இருந்தாள்.

சேகர் இப்போது வேறொருவர் ஜீப்பை ஓட்டுகிறான். வந்ததும், அவள் கேட்காமலே, எங்கே போனான், யாரை ஏற்றினான், என்ன சுமை என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறான். அவள் மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொள்கிறாள். ஐப்பசியில் ஒருநாள், மஞ்சக்குட்டையிலிருந்து வீராயியையும் ஆரஞ்சுக் கூடைகளையும் ஏற்றி வந்ததாகச் சொன்னான். ஆரஞ்சு இன்னும் சரியாகப் பழுக்காத நேரம். மறுநாள் ரவிக்கை வாங்க வந்த வீராயியிடம், நேற்று எங்க ஊட்டுக்காரர் ஜீப்பில்தானே வந்தீங்க, என்ன ஏத்திட்டு வந்தாரு, இடம் இருந்துச்சா என்று பேச்சுவாக்கில் கேட்டாள்.

“எங்கீங்க எடம்? பூராவும் ஆரஞ்சுக் கூடை” என்றாள் வீராயி. “மடியில ஒண்ண வெச்சுக்கிட்டுத்தான் வந்தேன்.”

ஜெயகுமாரி தலையை ஆட்டி, ரவிக்கைக்கு ஊக்கு வைக்கக் குனிந்தாள். முகம் சூடாக இருந்தது. இனிமேல் இப்படிக் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.